கறியோடு போன கம்பி: ரோட் ஐலண்டில் நடந்ததும், கிரில்லைச் சுத்தம் செய்யும் முறையும்

அமெரிக்காவின் ஆகச் சிறிய மாநிலம் ரோட் ஐலண்ட். மக்கள்தொகை 10 லட்சத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். அதன் தலைநகரான பிராவிடன்ஸில் உள்ள ஒரு மருத்துவமனைக் குழுமத்துக்கு 2009 ஜூலைக்கும் 2010 நவம்பருக்கும் இடையில் 6 பேர் ஒரே மாதிரியான காயத்தோடு வந்தார்கள். 2011 மார்ச்சிலிருந்து 2012 ஜூன் வரை மேலும் 6 பேர். 12 பேரின் உடம்புக்குள்ளும் இருந்தது ஒரே பொருள்தான். பார்பிக்யூ கிரில்லைத் தேய்க்கும் பிரஷிலிருந்து உதிர்ந்த ஒரு கம்பி இழை.

ஒரே ஊர், ஒரே குழுமம், மூன்று வருடத்துக்குள் 12 பேர். இதைக் கவனித்துத் தொகுத்தவர்களில் டேவிட் கிராண்ட் என்ற கதிரியக்க மருத்துவர் முக்கியமானவர். அமெரிக்க நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையம் தன் வாராந்தர அறிக்கையில், 2012 ஜூலை 6 அன்று, இரண்டாவது தொகுதியின் 6 பேரைப் பற்றி விரிவாக வெளியிட்டது. அமெரிக்கச் சுதந்திர தினமான ஜூலை 4 முடிந்து இரண்டே நாள். நாடு முழுக்கப் புழக்கடைகளில் கிரில் புகைந்துகொண்டிருக்கும் வாரம் அது.

கிரில்லைப் பராமரிப்பது பற்றி எழுதுகிறவர்கள் பளபளப்பு, துரு, கறை என்றுதான் தொடங்குவார்கள். நான் இந்த 12 பேரிடமிருந்து தொடங்கக் காரணம் இருக்கிறது. கிரில்லை அழுக்காக விட்டவர்களுக்கு வந்த ஆபத்து இல்லை இது. தேய்த்துச் சுத்தம் செய்த கிரில்லில் சமைத்ததைச் சாப்பிட்டவர்களுக்கு வந்தது.

வந்தவர்களுக்கு என்ன ஆயிற்று

இரண்டாவது தொகுதியில் வந்த 6 பேரில் 3 பேருக்குத் தொண்டையில் பிரச்சினை. எச்சில் விழுங்கினாலே உயிர் போகிற வலி. மற்ற 3 பேருக்கு வயிற்று வலி. எல்லாரும் கிரில்லில் சுட்ட இறைச்சி சாப்பிட்டிருந்தார்கள்.

தொண்டையில் குத்தியிருந்தவர்களுக்கு லாரிங்கோஸ்கோப் என்னும் கருவியை உள்ளே விட்டுப் பார்த்துக் கம்பியை எடுத்தார்கள். வயிற்று வலியோடு வந்தவர்களில் 2 பேருக்குக் கம்பி சிறுகுடலைத் துளைத்திருந்தது. அவசரமாக வயிற்றைத் திறந்து அறுவை சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. சாயங்காலம் நண்பர்களோடு உட்கார்ந்து ஒரு பர்கர் சாப்பிட்டதற்கு இது எவ்வளவு பெரிய விலை என்று யோசித்துப் பாருங்கள்.

இந்தக் காயத்தின் பெரிய சிக்கல், மருத்துவரின் மனதில் அது முதலில் தோன்றாது என்பதுதான். எதையாவது விழுங்கிவிட்டுக் கூட்டிக்கொண்டு வரப்படுகிறவர்கள் பெரும்பாலும் குழந்தைகள். காசு, பேட்டரி, பொம்மைத் துண்டு. இங்கே வந்தவர்கள் பெரியவர்கள். என்ன விழுங்கினோம் என்று அவர்களுக்கே தெரியாது. தொண்டை வலி என்றால் சளி, டான்சில், அமிலம் மேலே ஏறுவது என்று யோசிக்கத் தோன்றும். வலது அடிவயிறு வலித்தால் அப்பெண்டிக்ஸ். இதற்கு நடுவில் பிரஷ் கம்பி எங்கிருந்து ஞாபகம் வரும்?

படம் எடுப்பதிலும் சூட்சுமம் இருக்கிறது. சாதாரண எக்ஸ்ரேயில் சில சமயம் கம்பி தெரியும், சில சமயம் எலும்பு நிழலுக்குள் ஒளிந்துகொள்ளும். சி.டி. ஸ்கேனில் நன்றாகவே தெரியும். ஆனால் வயிற்று ஸ்கேனுக்கு முன்னால் குடிக்கக் கொடுக்கும் கான்ட்ராஸ்ட் திரவமும் படத்தில் வெள்ளையாகத்தான் விழும், உலோகமும் வெள்ளைதான். திரவம் நிரம்பிய குடலுக்குள் ஒரு சென்டிமீட்டர் கம்பியைத் தேடுவது கஷ்டம். கம்பி இருக்கலாம் என்று முன்கூட்டியே தெரிந்தால் அந்தத் திரவம் கொடுக்காமலேயே ஸ்கேன் எடுக்கலாம். எம்.ஆர்.ஐ. பக்கமே போகக் கூடாது. காந்தத்துக்கு இழுபடும் உலோகமாக இருந்தால் உள்ளே இருக்கும் கம்பி நகர்ந்து இன்னும் கிழிக்கும்.

ஆகவே நோயாளி வாயைத் திறந்து சொல்கிற ஒரு தகவல்தான் மொத்தத்தையும் மாற்றுகிறது. பார்பிக்யூ சாப்பிட்ட அன்றோ அடுத்த ஓரிரு நாளிலோ தொண்டையில் குத்தலோ கடுமையான வயிற்று வலியோ வந்தால், "கிரில்லில் சுட்டது சாப்பிட்டேன், அதைக் கம்பி பிரஷால் தேய்த்திருந்தார்கள்" என்று மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அவர் கேட்பார் என்று காத்திருக்க வேண்டாம்.

நம் ஆட்களுக்கு இதில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொண்டையில் மீன் முள் குத்தினால் சோற்றை உருட்டி மெல்லாமல் விழுங்கு, வாழைப்பழத்தை விழுங்கு என்று வீட்டில் சொல்வார்கள். மீன் முள்ளுக்கே அது நல்ல வைத்தியம் கிடையாது. கம்பிக்கு அதைச் செய்தால், நாக்கின் அடியிலோ டான்சிலிலோ மேலாகக் குத்திக்கொண்டிருப்பது இன்னும் ஆழமாகப் போகும், அல்லது பிய்ந்து குடலுக்கு இறங்கும். தொண்டையில் இருக்கும்போது எடுப்பது எளிது. சதைக்குள் புதைந்துவிட்டால் மேலே ஒன்றும் தெரியாது, மயக்க மருந்து கொடுத்து, எக்ஸ்ரே பார்த்துக்கொண்டே தேட வேண்டிவரும்.

கம்பி எப்படி வாய்க்கு வந்து சேர்கிறது

கிரில் பிரஷ் ஒன்றைக் கையில் எடுத்துக் கிட்டத்தில் பாருங்கள். மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ ஒரு கட்டை. அதில் வரிசையாகத் துளைகள். ஒவ்வொரு துளையிலும் ஒரு கொத்துக் கம்பியை நடுவில் மடித்துச் செருகி, சின்ன உலோகப் பின்னால் இறுக்கியிருப்பார்கள். இன்னொரு வகையில் இரண்டு தடித்த கம்பிகளை முறுக்கி, அந்த முறுக்குக்கு நடுவே இழைகளைப் பிடித்து வைத்திருப்பார்கள். எந்த வகையானாலும் ஒரு இழையைப் பிடித்து வைத்திருப்பது அதன் அடியில் உள்ள இறுக்கம் மட்டுமே.

தேய்க்கும்போது ஒவ்வொரு இழையும் கம்பித்தட்டில் மோதி வளைகிறது, நிமிர்கிறது. வளைவதெல்லாம் அந்த அடியில்தான். உலோகத்தை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்தால் அந்த இடம் களைத்து ஒடியும். அதோடு சூடு சேர்கிறது. பிரஷை மழையிலும் பனியிலும் கிரில் பக்கத்திலேயே கொக்கியில் மாட்டி விடுவதால் துருவும் சேர்கிறது. உப்பும் எலுமிச்சையும் தயிரும் கலந்த மசாலாப் பிசுக்கு அந்த அடித்துளைகளில் போய்த் தங்கும், கழுவினாலும் போகாது. மரக்கட்டையாக இருந்தால் ஈரத்தில் உப்பி வெயிலில் சுருங்கும், துளை தளரும். பழைய பிரஷ்தான் உதிரும் என்று நினைக்க வேண்டாம். ஒரு கொத்து சரியாக இறுகாமல் வந்திருந்தால் புது பிரஷும் உதிரும்.

உதிர்ந்த இழை கீழே விழுந்துவிட்டால் பிரச்சினையே இல்லை. விழுவதில்லை. கம்பித்தட்டின் மேல் பாதி கரிந்த கொழுப்பு ஒரு பசை மாதிரி இருக்கிறது, அதில் ஒட்டிக்கொள்கிறது. ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீளம், மயிரிழையை விடக் கொஞ்சம் தடிமன். கரி படிந்த தட்டில் கரி படிந்த இழை. சாயங்கால வெளிச்சத்தில் எந்தக் கண்ணுக்கும் தெரியாது. அதன் மேல் ஈரமான கறித்துண்டை வைத்தால் இழை கறியில் பதிந்து கூடவே வந்துவிடும். முள் இருக்கும் மீனைச் சாப்பிடும்போது நாக்கு தேடிக்கொண்டே இருக்கும். எலும்பில்லாத கறியையும் பர்கரையும் யாரும் அப்படித் தேடிச் சாப்பிடுவதில்லை.

சைவம் சாப்பிடுகிறவர்கள் இதை நமக்கில்லை என்று விட்டுவிடக் கூடாது. சோளக்கதிர், குடமிளகாய், பனீர் எல்லாம் அதே தட்டில்தான் வேகின்றன. பனீரின் மெத்தென்ற பக்கத்தில் கம்பி கறியை விட நன்றாகவே குத்தி நிற்கும்.

இங்கே நம் சமையலைப் பற்றி ஒரு வார்த்தை. உப்பும் மிளகும் மட்டும் போட்ட ஸ்டேக்கை விட, தயிரும் மிளகாய்த்தூளும் இஞ்சி பூண்டு விழுதும் பூசிய கோழி கம்பித்தட்டில் மிக அதிகமாக ஒட்டும். தயிரின் புரதமும் சர்க்கரையும் கருகினால் சிமெண்ட் பூசியது போல் இறுகிவிடும். அதனால் நம் வீடுகளில் கிரில்லை இன்னும் அழுத்தித் தேய்க்கிறோம், பிரஷ் இன்னும் சீக்கிரம் தேய்கிறது. மசாலாவை வழித்துவிட்டு, துண்டின் மேல் லேசாக எண்ணெய் தடவி, தட்டு நன்றாகக் காய்ந்த பிறகு வைத்தால் ஒட்டுவது பாதியாகக் குறையும். சுத்தம் செய்யும் வேலை சமைக்கும்போதே தொடங்கிவிடுகிறது.

எவ்வளவு பெரிய பிரச்சினை?

மிசூரிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் 2016-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். அமெரிக்காவில் ஏறத்தாழ 100 மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுப் பதிவுகளைத் தொகுத்து, நுகர்பொருள் காயங்களை நாடு தழுவிய அளவில் மதிப்பிடும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. அதை வைத்துப் பார்த்தால் 2002-லிருந்து 2014 வரை கிரில் பிரஷ் கம்பியால் அவசரப் பிரிவுக்கு வந்தவர்கள் சுமார் 1,698 பேர். வாயும் தொண்டையும்தான் அதிகம் காயப்பட்ட இடங்கள். கோடை மாதங்களில்தான் அதிகம் பேர் வந்திருக்கிறார்கள்.

13 வருடத்தில் 1,698 என்றால் வருடத்துக்கு 130 பேர். கோடிக்கணக்கான கிரில்கள் இருக்கும் நாட்டில் இது சின்ன எண்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. அவசரப் பிரிவுக்குப் போகாமல் குடும்ப மருத்துவரிடமோ சின்ன கிளினிக்கிலோ எடுத்துக்கொண்டவர்கள் அதில் சேரவில்லை என்பதால் உண்மையான எண் கூடுதலாகவே இருக்கும். சரி, இரண்டு மடங்கு என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் சின்ன எண்தான்.

ஆனாலும் கம்பி பிரஷ் வீட்டில் இருக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். கார் ஓட்டுவதில் ஆபத்து உண்டு, ஆனால் கார் இல்லாமல் முடியாது. கம்பி பிரஷ் அப்படிப்பட்ட பொருள் கிடையாது. அது செய்யும் வேலையை வேறு நாலு பொருள் செய்யும், அதில் இரண்டு உங்கள் சமையலறையில் ஏற்கெனவே இருக்கிறது. குடலைத் துளைக்கக் கூடிய ஒரு பொருளை, அது இல்லாமலேயே முடியும் வேலைக்கு, வைத்துக்கொண்டிருப்பதில் எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை.

"தேய்த்த பிறகு காந்தத்தை ஓட்டிப் பார்த்தால் போதுமே" என்று சிலர் சொல்வார்கள். போதாது. பித்தளை இழை காந்தத்தில் ஒட்டவே ஒட்டாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் பல வகைகள் ஒட்டாது, ஒட்டினாலும் லேசாகத்தான். இரும்புத் தட்டாக இருந்தால் காந்தம் தட்டிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். பிரஷைக் கையால் இழுத்துப் பார்த்து "இறுக்கமாகத்தான் இருக்கிறது" என்று திருப்திப்படுவதும் இப்படித்தான். இழுக்கும்போது வராத இழை, சூட்டில் அழுத்தித் தேய்க்கும்போது வரும்.

பிரஷ் இல்லாமல் சுத்தம் செய்வது

கிரில்லைச் சுத்தம் செய்வது உண்மையில் நெருப்புதான். பிரஷ் மிச்சத்தைத் தட்டிவிடும் வேலையைத்தான் செய்கிறது. சமைக்கத் தொடங்குவதற்கு முன்னால் எல்லா பர்னர்களையும் முழு வேகத்தில் வைத்து, மூடியை மூடி, 10 முதல் 15 நிமிடம் விடுங்கள். உள்ளே 250 டிகிரி செல்சியஸைத் தாண்டும். போன வாரத்துக் கொழுப்பு புகைந்து, எரிந்து, காய்ந்த சாம்பலாகும். பிசுக்காக இருக்கும்போது அரை மணி நேரம் தேய்த்தாலும் வராதது, சாம்பலானபின் இரண்டு இழுப்பில் வந்துவிடும். கரி கிரில்லிலும் இதே கதைதான். கரி நன்றாகக் கனன்றபின் தட்டை அதன் மேல் வைத்துச் சற்று நேரம் காயவிட வேண்டும்.

அப்புறம் சுரண்டுவது. எனக்கு மிகவும் பிடித்தது மரச்சுரண்டி. பூச்சு எதுவும் பூசாத கெட்டி மரத்தில், படகுத் துடுப்பு மாதிரி முனை தட்டையாக இருக்கும். புதிதாக வாங்கும்போது அதன் முனை நேர்கோடாக இருக்கும். சூடான கம்பித்தட்டின் மேல் அழுத்தி முன்னும் பின்னும் இழுக்க இழுக்க, கம்பிகள் இருக்கும் இடத்தில் மரம் கருகித் தேய்ந்து பள்ளம் விழும். நாலைந்து முறை பயன்படுத்தியபின் அந்த முனை உங்கள் கிரில்லின் கம்பிகளுக்கு என்றே செதுக்கியது போல் ஆகிவிடும். ஒவ்வொரு கம்பியின் மேல்புறத்தையும் இரண்டு பக்கத்தையும் ஒரே இழுப்பில் சுரண்டும். எந்த பிரஷும் அப்படிப் பக்கங்களைப் பிடிக்காது. மரத்தூள் ஒன்றிரண்டு ஒட்டினால் எரிந்துபோகும்.

மரச்சுரண்டி இல்லையா? அலுமினியம் ஃபாயிலை ஒரு பந்து அளவுக்குக் கெட்டியாகக் கசக்கி, நீளமான இடுக்கியால் பிடித்துத் தேயுங்கள். தடித்த ஃபாயிலாக இருந்தால் நல்லது, மெல்லியது கிழிந்து துண்டு விடும்.

படிவு லேசாக இருந்தால் வெங்காயமே போதும். பாதியாக வெட்டிய பெரிய வெங்காயத்தை நீளமான முள்கரண்டியில் குத்தி, வெட்டிய பக்கத்தைச் சூடான தட்டின் மேல் தேய்க்க வேண்டும். வெங்காயத்தின் ஈரம் ஆவியாகி அழுக்கை இளக்கும். அதே வெங்காயத்தை எண்ணெயில் தொட்டு மறுபடி தேய்த்தால் தட்டு சமையலுக்குத் தயார். தோசைக்கல்லில் வெங்காயத்தால் எண்ணெய் தேய்த்து வளர்ந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கனத்த படிவுக்கு மட்டும் இது போதாது.

கடையில் இழையே இல்லாமல், சுருள் கம்பிகளை வளைத்துச் செய்த பிரஷ்கள் கிடைக்கின்றன. இழை பிரஷை விடப் பாதுகாப்பானவை. நைலான் பிரஷ் வேண்டுமென்றால் ஆறிய கிரில்லில் மட்டும்தான், சூட்டில் உருகிவிடும். பியூமிஸ் கல் நன்றாகவே சுரண்டும், ஆனால் உதிரும் கல்தூளைத் துடைத்தாக வேண்டும்.

எதில் சுரண்டினாலும் கடைசி வேலை ஒன்று உண்டு, அதை விடக் கூடாது. கிச்சன் டவலையோ வெள்ளைத் துணியையோ நனைத்துப் பிழிந்து, இடுக்கியில் பிடித்து, தட்டு முழுவதும் ஒருமுறை துடைத்துவிடுங்கள். ஆவி குப்பென்று மேலே வரும், கையை நேர் மேலே வைக்காதீர்கள். இரவல் வாங்கிய கிரில், பழையதாக வாங்கிய கிரில், வீடு மாறி வந்தபோது முந்தையவர்கள் விட்டுப்போன கிரில் என்றால் அதை ஆறவைத்து, தட்டைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் கழுவி, டார்ச் அடித்துப் பார்த்தபின்தான் சமைக்க வேண்டும். அதில் முன்னால் என்ன பிரஷ் ஓடியது என்று யாருக்கும் தெரியாது.

தட்டு எதனால் செய்தது என்பதையும் பாருங்கள். எனாமல் பூச்சு உள்ள தட்டில் கம்பி பிரஷ் போட்டால் பூச்சு சில்லு சில்லாக உடையும், உடைந்த இடத்தில் துரு ஏறும், அப்புறம் துருவும் சாப்பாட்டில் சேரும். அந்தத் தட்டுக்கு மரம்தான் சரி. பூச்சில்லாத வார்ப்பிரும்பை ஊறவைக்கக் கூடாது. துடைத்துக் காயவைத்து எண்ணெய் தடவி வைக்க வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் எதையும் தாங்கும், நிறம் மாறுவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

தட்டுக்குக் கீழே

எல்லாருடைய கவனமும் தட்டோடு நின்றுவிடுகிறது. தீ விபத்து வருவது அதற்குக் கீழே இருந்துதான். அமெரிக்கத் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் அறிக்கைகளில் கிரில் தீ அதிகம் நடக்கும் மாதம் ஜூலை. அதற்கான முக்கியக் காரணங்களில் ஒன்றாக அவர்கள் குறிப்பிடுவது கிரில்லைச் சுத்தம் செய்யாமல் விடுவது.

பர்னருக்கு மேலே கூரை போல மூடியிருக்கும் தகடுகள், அடியில் கொழுப்பு வடியும் தட்டு, அதற்கும் கீழே தொங்கும் சின்னக் கிண்ணம். இந்த மூன்றிலும் கொழுப்பு சேர்ந்துகொண்டே இருக்கும். 15 நிமிடம் முழுத் தீயில் காயவிடச் சொன்னேன் அல்லவா, அடித்தட்டு நிறையக் கொழுப்பு இருக்கும்போது அதைச் செய்தால் அதுவே பற்றிக்கொள்ளும். அடித்தட்டைப் பிளாஸ்டிக் சுரண்டியால் வழித்து எடுப்பதும் கிண்ணத்தைக் காலி செய்வதும் மாதத்துக்கு ஒரு தடவையாவது நடக்க வேண்டும். கோழித் தொடை, ஆட்டுக்கறி என்று கொழுப்பு அதிகமாகச் சமைத்தால் ஒவ்வொரு தடவையும். காயவிட்டுவிட்டு வீட்டுக்குள் போய் உட்காராதீர்கள். பற்றிக்கொண்டால் கேஸை அடைத்து, மூடியை மூட வேண்டும். தண்ணீர் ஊற்றினால் எரியும் கொழுப்பு தெறித்துப் பரவும்.

மூடியின் உள்பக்கம் கறுப்பாகச் செதில் செதிலாக உரிவதைப் பார்த்துப் பெயின்ட் உரிகிறது என்று பயப்படுவார்கள். பெரும்பாலும் அது புகையும் கொழுப்பும் படிந்து காய்ந்த கரி. பிளாஸ்டிக் சுரண்டியால் தட்டிவிட்டுத் துடைத்தால் போதும். ஓவன் கிளீனர் அடிக்கும் முன் யோசியுங்கள். அதில் பலவற்றில் காஸ்டிக் சோடா இருக்கிறது, பல கிரில்களின் உடல் வார்ப்பு அலுமினியம். காஸ்டிக் சோடா அலுமினியத்தை அரித்துத் தின்னும். வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும் கொஞ்சம் பொறுமையும் வேலையை முடித்துவிடும்.

குளிர்காலம் முடிந்து கிரில்லை வெளியே எடுக்கும்போது பார்க்க வேண்டியது பர்னர் குழாய். கேஸும் காற்றும் கலக்கும் அந்தக் குழாயின் வாயில் சிலந்தி கூடு கட்டும். சின்னக் கூடுதான், ஆனால் கேஸ் உள்ளே போக வழியில்லாமல் பின்பக்கமாக வந்து, திருகிகளுக்கு அருகே தீப்பிடிக்கும். சிலந்தி என்ன செய்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: 2011-ல் மாஸ்டா நிறுவனம் மாஸ்டா 6 கார்களில் 50,000-க்கும் மேற்பட்டவற்றைத் திரும்ப அழைத்தது, பெட்ரோல் டேங்க் காற்றுக் குழாயில் சிலந்தி வலை கட்டியதால். பர்னரைக் கழற்றி, பாட்டில் கழுவும் மெல்லிய பிரஷை உள்ளே விட்டு எடுத்து, மறுபடி வால்வு முனை குழாய்க்குள் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து மாட்டுங்கள். தீ நீலமாக, வரிசையாக எரிய வேண்டும். மஞ்சளாக எழும்பி ஆடினால் எங்கோ அடைப்பு இருக்கிறது.

அதோடு சோப்புத் தண்ணீர்ச் சோதனை. சிலிண்டரைத் திறந்து, பர்னர்களை மூடி வைத்து, இணைப்புகளிலும் ஹோஸ் முழுக்கவும் சோப்புத் தண்ணீரைத் தடவினால், கசிவு இருக்கும் இடத்தில் குமிழ் வரும். குமிழ் வந்தால் சிலிண்டரை அடைத்துவிட்டு அதைச் சரி செய்யும் வரை கிரில்லைத் தொட வேண்டாம். புரொப்பேன் காற்றை விடக் கனமானது, கீழே தேங்கும். அதனால்தான் பற்றவைக்கும்போது மூடி திறந்தே இருக்க வேண்டும், தீ பற்றாமல் போனால் அடைத்துவிட்டு 5 நிமிடம் பொறுத்துத்தான் மறுபடி முயல வேண்டும்.

பார்க்கில் இருக்கும் கிரில்

கோடையில் தமிழ்ச் சங்கப் பிக்னிக் என்றால் பார்க்கில் கான்கிரீட்டில் நட்டு வைத்த கரி கிரில்தான். அதன் தட்டைப் பெரும்பாலும் கழற்ற முடியாது, யார் எப்போது எதால் தேய்த்தார்கள் என்றும் தெரியாது. அங்கே முழுதாகச் சுத்தம் செய்ய நினைத்து நேரத்தை வீணாக்க வேண்டாம். தீ மூட்டும் முன் ஈரத் துணியால் தட்டின் மேலும் கீழும் துடைத்துப் பாருங்கள். கரியைப் பற்றவைத்துத் தட்டைக் காயவிட்டு, மரத்தால் சுரண்டி, இன்னொரு ஈரத் துணியால் துடையுங்கள். துணியில் இழையாக எது ஒட்டி வந்தாலும் அந்தத் தட்டை விட்டுவிட்டு, தடித்த ஃபாயிலை இரண்டு மடிப்பாகப் போட்டு அதன் மேல் சமையுங்கள். மீன் சுடும் கம்பிக்கூடை வீட்டில் இருந்தால் அது இன்னும் வசதி, கறி கிரில் தட்டைத் தொடவே தொடாது. யாராவது உதவிக்கு வந்து பையிலிருந்து கம்பி பிரஷை எடுத்தால் தயங்காமல் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மரச்சுரண்டியை அவர் கையில் கொடுங்கள். கரி மூட்டையோடு சுரண்டியையும் டவல் ரோலையும் இடுக்கியையும் முதலிலேயே காரில் ஏற்றிவிட்டால் அங்கே போய்த் தேட வேண்டியிருக்காது.